மொசார்ட் வீட்டுக் கடிதங்களில் சங்கீதத்தை விடக் காய்ச்சல்தான் அதிகமோ?

தபால்பெட்டி:

இரண்டு மாதமாக மொசார்ட் குடும்பத்துக் கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். சங்கீதம் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ளலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அதுவும் இருக்கிறது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் வந்து நிற்பது காய்ச்சல், சளி, தொண்டை வீக்கம், பேதிக்குக் கொடுத்தது, ரத்தம் எடுத்தது.

ஒரு உதாரணம். 1762 அக்டோபர் 13. ஆறு வயதுப் பையன் வியன்னாவில், ஷோன்ப்ருன் அரண்மனையில், மகாராணி மரியா தெரேசா முன்னால் வாசிக்கிறான். ஊரெல்லாம் அதே பேச்சு. எட்டே நாளில், 21-ஆம் தேதி சாயங்காலம், பையனுக்கு உடம்பு காந்துகிறது, காலெல்லாம் வலி என்கிறான். அப்பா லியோபோல்ட் போர்வையை விலக்கிப் பார்க்கிறார். க்ராய்ட்சர் காசு அகலத்துக்குச் சிவந்த தடிப்புகள், தொட்டால் வலிக்கின்றன. கையோடு கொண்டுபோன கறுப்புப் பொடியையும் மார்கிரேவ் பொடியையும் கொடுக்கிறார். அப்புறம் சால்ஸ்பர்க்கில் இருக்கும் வீட்டுக்காரர் ஹாகெனவருக்கு இதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதுகிறார். இரண்டு வாரமாக அளவுக்கு மீறிச் சந்தோஷமாக இருந்துவிட்டோம் என்று ஒரு வரி. நம் வீடாக இருந்தால் கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டிருப்பார்கள். அவர் ஊரில் பூசை வைக்கச் சொல்கிறார். கூடவே, இந்த நோயால் குறைந்தது 50 டுகாட் (அந்தக் காலத் தங்கக் காசு) நஷ்டம் என்று கணக்கும் சொல்கிறார்.

அந்த 50 டுகாட் என்னை உறுத்தியது. பிள்ளை படுத்திருக்கும்போது காசுக் கணக்கா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கறார்பேர்வழி:

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பையனை ஊர் ஊராகக் கூட்டிப்போய் வாசிக்கவைத்துச் சம்பாதித்த மனிதர். வேறென்ன எழுதுவார்?

சும்மா_ஒரு_வாசகி:

அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடாதீர்கள். ஹாகெனவர் வெறும் வீட்டுக்காரர் இல்லை, மளிகை வியாபாரி. இந்தப் பயணங்களுக்குப் பணம் புரட்டிக் கொடுத்ததும், வெளியூரில் பணம் எடுக்க ஏற்பாடு செய்து தந்ததும் அவர்தான். கடன் கொடுத்தவருக்கு எழுதும் கடிதத்தில் வரவு குறைந்ததைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? அதோடு, அந்தத் தம்பதிக்குப் பிறந்தது ஏழு பிள்ளைகள். தங்கியது அக்கா நானெர்ல், நம் மொசார்ட்டான வோல்ஃப்காங் இரண்டு பேர் மட்டும். அந்த அப்பா போர்வையை விலக்கிப் பார்த்தபோது நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்பது கடிதத்தில் இருக்காது. 50 டுகாட் இருக்கும்.

ஓபி_சீட்டு:

தொழில்முறை மருத்துவனாக ஒன்று சொல்கிறேன். அந்தக் கடிதம் கேஸ் ஷீட் மாதிரி இருக்கிறது. தடிப்பு எங்கே, என்ன அளவு, மேடாக இருந்ததா, வலித்ததா, காய்ச்சல் எப்போது, எல்லாம் வரிசையாக இருக்கிறது. வியன்னாவில் பார்த்த மருத்துவர்கள் அதை ஒருவகைச் செங்காய்ச்சல் என்றார்கள். இன்றைக்குப் படிக்கிறவர்கள் எரித்தீமா நோடோசம் என்பார்கள். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்துபோன பிறகு முழங்காலுக்குக் கீழே இப்படித் தடிப்பு வருவது குழந்தைகளிடம் உண்டு. எனக்கும் அதுதான் தோன்றுகிறது. தோன்றுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இருநூற்று அறுபது வருஷம் முந்தைய கடிதத்துக்கு மருந்துச் சீட்டு எழுதுவது எங்கள் ஆட்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. மொசார்ட் 1791-இல் எதனால் இறந்தார் என்பதற்கு எத்தனை விடைகள் வந்திருக்கின்றன என்று தேடிப் பாருங்கள், சிரிப்பு வரும்.

இன்னொன்று. அந்தப் பொடிகளால் பையன் பிழைத்தான் என்று லியோபோல்ட் நம்பினார். அந்தத் தடிப்பு பொடி கொடுத்தாலும் போகும், கொடுக்காவிட்டாலும் சில வாரத்தில் தானாகப் போகும்.

தபால்பெட்டி:

டாக்டர், அந்தக் கறுப்புப் பொடியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பின்னால் மறுபடி வருகிறது.

வாசகி சொன்னது சரி. ஹாகெனவர் யார் என்பதை யோசிக்காமல் படித்துவிட்டேன்.

அடுத்து பெரியம்மை. 1764 பிப்ரவரியில் பாரிஸிலிருந்து எழுதுகிறார். பையனுக்கு அம்மை குத்திக்கொள்ளச் சொல்லி எல்லோரும் வற்புறுத்துகிறார்கள், இங்கே அதுதான் நாகரிகம், எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டேன், கடவுள் விட்டபடி ஆகட்டும் என்கிறார். ஜென்னரின் பசு அம்மைத் தடுப்பூசிக்கு இன்னும் 32 வருஷம் இருக்கிறது. இது அசல் பெரியம்மைச் சீழையே கீறி ஏற்றுவது. ஆகவே பயந்ததில் தப்பில்லை.

1767-இல் வியன்னாவுக்குப் போகிறார்கள். அங்கே அம்மை கொண்டாட்டம் போடுகிறது. நேப்பிள்ஸ் அரசனுக்கு நிச்சயமாகி, கிளம்ப வேண்டிய இளவரசி மரியா ஜோசஃபா அக்டோபர் 15 அன்று அதிலேயே போய்விட்டாள். மொசார்ட் குடும்பம் தங்கியிருந்த பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளைக்கே அம்மை. வந்து தங்கியவர்களிடம் சொல்லவே இல்லை, கிட்டத்தட்ட இறங்கிய பிறகுதான் தெரிகிறது. லியோபோல்ட் பையனை மட்டும் தூக்கிக்கொண்டு நண்பர் வீட்டுக்கு ஓடுகிறார். மனைவியும் மகளும் அதே வீட்டில்! இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அப்புறம் எல்லோருமாக ஊரை விட்டே கிளம்பி ஓல்முட்ஸ் போய்ச் சேர்கிறார்கள். விடுதி அறையில் ஈரம், அடுப்பை மூட்டினால் புகை கண்ணைக் கரிக்கிறது. இரவு பையன் கண் எரிகிறது என்கிறான். கன்னம் கொதிக்கிறது, கை பனிக்கட்டி. வழக்கம்போல கறுப்புப் பொடி. துரத்திக்கொண்டே வந்துவிட்டது அம்மை.

அங்கே இருந்த போட்ஸ்டாட்ஸ்கி என்ற கதீட்ரல் முதல்வர், அம்மைக்குப் பயப்படாமல் தன் வீட்டில் இடம் கொடுத்தார். நவம்பர் 10 கடிதம் தே தேயும் என்ற நன்றிப் பாட்டின் முதல் வரியோடு தொடங்குகிறது. ஒன்பது நாள் கண் தெரியாமல் கிடந்த தம்பிக்கு, தேறிவரும்போது ஒரு சாமியார் தினம் வந்து சீட்டு வித்தை கற்றுக்கொடுத்தார் என்று நானெர்ல் பிற்காலத்தில் சொன்னாள். பிறகு அவளுக்கும் அம்மை. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

ஏட்டுச்சுவடி:

இழையைக் கொஞ்சம் மேற்கே இழுக்கிறேன். அம்மை குத்துவதை இங்கிலாந்தில் பேசவைத்த லேடி மேரி வொர்ட்லி மாண்டேகுவின் கடிதம் பலருக்கும் தெரியும். 1717 ஏப்ரல் 1, துருக்கியின் எடிர்னே நகரிலிருந்து சாரா சிஸ்வெல் என்ற தோழிக்கு. வெயில் தணிந்த செப்டம்பரில் கிழவி ஒருத்தி கொட்டை ஓடு நிறைய நல்ல அம்மைச் சீழ் கொண்டு வருவாள், எந்த நரம்பில் வேண்டும் என்று கேட்டு ஊசியால் கீறி ஏற்றுவாள், பிள்ளைகள் எட்டாம் நாள் வரை சேர்ந்து விளையாடுவார்கள், பிறகு காய்ச்சல், இரண்டு மூன்று நாள் படுக்கை, அவ்வளவுதான் என்று எழுதுகிறார். மாண்டேகுவுக்கே அம்மை வந்து முகத்தில் தழும்பு, இமை முடி போயிற்று. தம்பியை அம்மைக்குப் பறிகொடுத்தவர். 1718 மார்ச்சில் தன் மகனுக்கும், 1721-இல் லண்டனில் மகளுக்கும் குத்தவைத்தார்.

இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும். நம் கையில் இருப்பது அன்று தபாலில் போன அதே காகிதம் இல்லை. பின்னாளில் அவரே சீர்செய்து தொகுத்து வைத்த பிரதி. மனிதர்கள் ஏற்கெனவே தெரிந்த முடிவை வைத்துப் பழைய கடிதத்தைத் தட்டிச் சரிசெய்வதுண்டு. இரண்டாவது, கடிதம் பெற்ற அந்த சாரா சிஸ்வெல் 1726-இல் அம்மையிலேயே இறந்துபோனாள்.

கறார்பேர்வழி:

எல்லாம் சரி அக்கா. ஆனால் இது எல்லாமே எழுதத் தெரிந்தவர்கள், வேலைக்காரர் வைத்துக்கொண்டவர்கள் கதை. வெந்நீர் வைத்தவளுக்கும் போர்வை துவைத்தவளுக்கும் அம்மை வரவில்லையா? அவர்கள் கடிதம் எங்கே?

ஏட்டுச்சுவடி:

அவர்கள் கடிதம் இல்லை. எஜமானியின் கடிதத்துக்குள் இருக்கிறார்கள். அபிகெய்ல் ஆடம்ஸ் 1775 செப்டம்பரில் எழுதியவற்றைப் பாருங்கள். கணவர் ஜான் ஆடம்ஸ் பிலடெல்பியாவில், அமெரிக்கக் காலனிகளின் காங்கிரஸ் கூட்டத்தில். இவர் மாசசூசெட்ஸில் பிரெயின்ட்ரி பண்ணை வீட்டில். அந்தக் கோடையில் சீதபேதி அந்த வட்டாரத்தையே புரட்டிப் போட்டது. ஜானின் தம்பி எலிஹு ஏற்கெனவே ஆகஸ்டில் ராணுவ முகாமில் இறந்தாகிவிட்டது. இந்த வீட்டில் முதலில் விழுந்தவன் ஐசக் என்ற வேலையாள். பிறகு அபிகெய்ல். பிறகு வேலைக்காரப் பெண் சூசி. பிறகு மூன்று வயது டாமி. பிறகு இன்னொரு வேலைக்காரப் பெண் பேட்டி. வீடே ஆஸ்பத்திரி என்கிறார். மகளைப் பார்க்க வந்துபோன தாய்க்கும் தொற்றி, அக்டோபர் 1 அன்று தாய் போய்ச் சேர்ந்தார். சில நாளில் பேட்டியும். பேட்டி கிடந்த கோலத்தை அபிகெய்ல் எழுதியிருப்பதைச் சாப்பிடும் முன் படிக்க வேண்டாம். அவள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது அபிகெய்ல்தான். பேட்டி என்ன நினைத்தாள் என்று யாருக்கும் தெரியாது, அதில் உங்கள் கட்சி எனக்குச் சம்மதம்.

நெல்லைத்தும்பி:

புதியவன், குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இந்த அபிகெய்ல்தானே பிள்ளைகளுக்கு அம்மை குத்த மாடு ஓட்டிக்கொண்டு போனவர்?

ஏட்டுச்சுவடி:

அவரேதான் தம்பி! 1776 ஜூலை 12. நான்கு பிள்ளைகளோடு பாஸ்டனில் மாமா வீட்டுக்குப் போய்க் குத்திக்கொண்டார்கள். பாலுக்கு ஒரு மாட்டை ஓட்டிவந்து, வைக்கோலும் விறகும் கொண்டுவந்து இறக்கியாயிற்று என்று கணவருக்கு எழுதுகிறார். அந்த ஜூலை மாதத்தில் கணவர் பிலடெல்பியாவில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று சொல்லத் தேவையில்லை. 18-ஆம் தேதி அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை பாஸ்டனில் உப்பரிகையிலிருந்து வாசித்தபோது அபிகெய்ல் கூட்டத்தில் நின்று கேட்டார். குத்திக்கொண்டு ஆறாவது நாள்.

பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒரே மாதிரி போகவில்லை. ஒன்பது வயது ஜான் குவின்சிக்கு லேசாக வந்து போயிற்று (பின்னாளில் ஜனாதிபதி ஆனவன் அவன்தான்). மூத்தவள் நாபிக்கு உடம்பெல்லாம் கொப்பளம், நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. சார்லஸுக்குக் குத்தியது பிடிக்கவே இல்லை. கடைசியில் இயல்பாகவே தொற்றி, இரண்டு நாள் பிதற்றிக்கொண்டு கிடந்தான். பாஸ்டனிலேயே கோடை ஓடிவிட்டது.

அதைவிட எனக்குப் பிடித்தது இவர்கள் கல்யாணத்துக்கு முந்தைய கதை. 1764 ஏப்ரலில் ஜான் பாஸ்டனில் அம்மை குத்திக்கொண்டு அடைந்து கிடக்கிறார். வருங்கால மனைவிக்கு அங்கிருந்து தினம் கடிதம். அந்தக் காகிதத்தில் அம்மை ஒட்டிக்கொண்டு வந்துவிடுமோ என்று, படிக்கும் முன் ஒவ்வொன்றையும் புகை காட்ட வேண்டும். டாம் என்ற வேலையாள் நெருப்பருகில் பிடித்துக் காட்டிய பிறகுதான் காதல் கடிதம் கைக்கு வரும்.

நெல்லைத்தும்பி:

சாம்பிராணி போட்ட காதல் கடிதம்!

ஓபி_சீட்டு:

சிரிக்காதீர்கள், பயம் நியாயமானது. அம்மைப் பொருக்கு காய்ந்த பிறகும் கிருமி கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். புகை எவ்வளவு உதவியது என்பது வேறு விஷயம்.

தபால்பெட்டி:

இப்போது கறுப்புப் பொடிக்கு வருகிறேன். 1778, பாரிஸ். மொசார்ட்டுக்கு 22 வயது. கூடத் துணைக்கு வந்தது அம்மா அன்னா மரியா, வயது 57. பிரெஞ்சு வராது. மகன் வெளியே போனால் நாள் முழுக்க இருட்டறையில் தனியாக உட்கார்ந்திருப்பார். ஜூன் 11 அன்று ரத்தம் எடுத்துக்கொண்டதாகக் கணவருக்குச் சாதாரணமாக எழுதுகிறார். அதுதான் அவருடைய கடைசிக் கடிதம். ஒரு வாரத்தில் தலைவலி, பிறகு குளிர், ஜுரம். வீட்டுப் பழக்கப்படி கறுப்புப் பொடி கேட்கிறார். கையில் இல்லை. பாரிஸ் மருந்துக்கடைகளில் அந்தப் பெயரே தெரியவில்லை. வயதான ஜெர்மன் வைத்தியர் ஒருவர் வந்து ரேவல்சின்னிப் பொடியைத் திராட்சை ரசத்தில் கலந்து கொடுத்தார். காது கேளாமல் போயிற்று. ஜூன் 30 பாவசங்கீர்த்தனமும் அவஸ்தைப் பூசுதலும். ஜூலை 3 சாயங்காலம் 5 மணி 21 நிமிஷத்துக்கு நினைவு தப்பியது, கையைப் பிடித்து அழுத்தினேன், பேசினேன், தெரியவில்லை, 10 மணி 21 நிமிஷத்துக்குப் போய்விட்டார் என்று மகன் பிறகு எழுதினார். இருபத்தொரு நிமிஷம் என்று ஏன் அப்படி மனசில் பதிந்தது?

அன்றிரவே இரண்டு கடிதம் எழுதுகிறார். ஒன்று அப்பாவுக்கு: அம்மாவுக்கு உடம்பு ரொம்ப மோசம், நம்பிக்கை கொஞ்சம்தான், கடவுள் விட்ட வழி. அதே கடிதத்தில், தன் புது சிம்பொனி ஜூன் 18 அன்று நன்றாகப் போனது, கச்சேரி முடிந்து பலே ராயலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன், நேர்ந்துகொண்டபடி ஜெபமாலை சொன்னேன் என்று நீள நீளமாக. இன்னொன்று, இரவு 2 மணிக்கு, சால்ஸ்பர்க் நண்பர் புல்லிங்கர் சாமியாருக்கு: அம்மா இறந்துவிட்டார், அப்பாவைப் பக்குவமாகத் தயார் செய்யுங்கள்.

கறார்பேர்வழி:

அம்மா சவம் வீட்டில் கிடக்கும்போது ஐஸ்கிரீம் கதையா? நாடகம். மன்னிக்க முடியவில்லை.

சும்மா_ஒரு_வாசகி:

நான் மன்னிப்பேன். அம்மா கவலைக்கிடம் என்று மட்டும் எழுதி, வேறெதுவும் எழுதாமல் விட்டிருந்தால் அப்பாவுக்கு உடனே புரிந்திருக்கும். ஐஸ்கிரீம்தான் அந்தப் பொய்யைத் தாங்கிப்பிடித்தது. எங்கள் தாத்தா காலமானபோது டெல்லியில் இருந்த மாமாவுக்கு "அப்பா சீரியஸ் கிளம்பி வா" என்றுதான் தந்தி போயிற்று. ரயிலில் ஏறி உட்கார்ந்தபோதே தனக்குத் தெரியும் என்று மாமா பிறகு சொன்னார்.

ஓபி_சீட்டு:

எனக்கு அந்த இரவில் எழுதினார் என்பதே பெரிசாகத் தெரிகிறது. நோய் வந்தால் இவர்கள் பேனாவைத்தான் எடுக்கிறார்கள். ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனைப் பாருங்கள். 1783 ஜூன் 17 விடிகாலை, வயது 73, பக்கவாதம். தலைக்குள் ஏதோ குழப்பம் என்று எழுந்து உட்கார்ந்தவர், உடம்பை என்ன செய்தாலும் புத்தியை விட்டுவிடு என்று வேண்டி, மூளை வேலை செய்கிறதா என்று பார்க்க லத்தீனில் செய்யுள் கட்டினார். வரிகள் சுமார்தான், சுமார் என்று எனக்கே தெரிந்தது, ஆகவே புத்தி சரியாக இருக்கிறது என்று முடிவு செய்தேன் என்று இரண்டு நாள் கழித்துத் தோழி திருமதி த்ரேலுக்கு எழுதினார். பேச்சு போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சீட்டு எழுதினார். கை வேறு எழுத்துகளைப் போட்டதாம், ஏன் என்று தெரியவில்லையாம். எங்கள் பாடப் புத்தகத்தில் இருக்க வேண்டிய வரி. ஆரம்பத்தில் இந்த மனிதர்கள் நோயைப் பற்றிப் புலம்புகிறார்கள் என்று எண்ணியிருந்தேன். புலம்பலில் இவ்வளவு துல்லியம் வராது.

நெல்லைத்தும்பி:

ஒரு சந்தேகம் தபால்பெட்டி அண்ணா. பாரிஸிலிருந்து சால்ஸ்பர்க்குக்குக் கடிதம் போக எத்தனை நாள்? அதுவரை அப்பாவுக்கு எதுவும் தெரியாதா?

தபால்பெட்டி:

பத்து நாள். இந்த இழையைத் தொடங்கியதே உண்மையில் அதற்காகத்தான். அந்தக் காலக் கடிதத்தில் எந்த நோயும் நடப்பு நோய் இல்லை. கடிதம் போய்ச் சேரும்போது படுத்தவர் எழுந்து நடமாடிக்கொண்டிருப்பார், அல்லது புதைத்து ஒரு வாரம் ஆகியிருக்கும். எழுதுகிறவருக்கும் அது தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். 50 டுகாட், மாடு, வைக்கோல், ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் இப்போது அந்த இடைவெளியை வைத்துத்தான் படிக்கிறேன்.

ஜூலை 26 அன்னம்மாள் திருநாள், அன்னா மரியாவின் பெயர்கொண்ட நாள். அதற்குள் பாரிஸ் போய்ச் சேர வேண்டும் என்று லியோபோல்ட் ஜூலை 12 அன்றே மனைவிக்கு வாழ்த்து எழுத உட்கார்ந்துவிட்டார். மனைவி இறந்து ஒன்பது நாள். பாதி எழுதி வைத்திருந்தார். மறுநாள் காலை, பத்து மணிக்கு முன்னால், மகனின் கடிதம் வந்தது. அதே காகிதத்தில், வாழ்த்துக்குக் கீழேயே, 13-ஆம் தேதி போட்டுத் தொடர்கிறார்: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். நானும் நானெர்லும் அழுத அழுகையில் கடிதத்தைப் படிக்கவே முடியவில்லை என்கிறார்.

அன்று அவர் வீட்டில் வழக்கமான குறிபார்த்துச் சுடும் ஆட்டத்துக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். புல்லிங்கரும் வந்தார், சட்டைப்பையில் தனக்கு வந்த கடிதத்தோடு. லியோபோல்ட் பேசாமல் தன் கடிதத்தை அவரிடம் நீட்டினார். அவரும் முதல் தடவை படிப்பவர் மாதிரியே படித்தார். மற்றவர்கள் போன பிறகு, நம்பிக்கை இருப்பதாக நினைக்கிறீர்களா என்று கேட்டார். இப்போது இறந்திருப்பாள் என்பது மட்டுமில்லை, அவன் எழுதிய அன்றைக்கே இறந்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன் என்றார் லியோபோல்ட். ஆமாம் என்றார் சாமியார்.

சும்மா_ஒரு_வாசகி:

அந்த வாழ்த்தை அவர் அடிக்கவில்லையா?

தபால்பெட்டி:

இல்லை. அப்படியே விட்டு, கீழே மேலும் எழுதி, மகனுக்கு அனுப்பிவிட்டார்.